விமானப் பாதைகளை உலக உருண்டையின் மேல் வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுந்தொலைவு விமானப் பயணங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தியுடன் ஓர் உலக வரைபடமும் இடம்பெற்றிருந்தது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தையும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தையும் அளவுகோல் வைத்து இழுத்ததுபோன்ற ஒரு நேர்கோடு அதில் இணைத்திருந்தது. அந்தக் கோடு இலங்கையின் மேலாகச் சென்று, அரபிக்கடலைத் தாண்டி, சகாரா பாலைவனத்தைக் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடல் வழியாக அமெரிக்காவின் கிழக்குக் கரையை அடைகிறது. விமானங்கள் இந்தக் கோட்டை விட்டு விலகி வடக்கே ‘சுற்றிக்கொண்டு’ போவதாகவும் செய்தியில் ஒரு வரி இருந்தது. பள்ளியில் பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தக் கோட்டைத் திருத்தும்படி கேட்பது என் கடமை என்று கருதி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தாங்கள் வரைந்த கோட்டின் வழியே ஒரு விமானம் உண்மையில் பறந்தால், அது ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருக்கும். அதே இரு நிலையங்களுக்கும் இடையிலுள்ள மிகக் குறைந்த தொலைவோ சுமார் 15,350 கிலோமீட்டர்தான். ஆகவே, சுற்றிக்கொண்டு போவது விமானம் அன்று. வரைபடத்திலுள்ள கோடுதான் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமாகச் சுற்றுகிறது. வகுப்பில் இதை விளக்க நான் உலக உருண்டையையும் ஒரு நூலையும் மட்டுமே பயன்படுத்துவேன். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்துத் தொய்வில்லாமல் இழுக்கச் சொன்னால், நூல் தானாகவே தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி, வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கடந்து, கனடா வழியாக இறங்கும். ஒரு நகரம் கிழக்கு 104 பாகையிலும் மற்றது மேற்கு 74 பாகையிலும் இருப்பதால், இரண்டும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில், கிட்டத்தட்ட ஒரே வட்டத்தின் மேல் அமைந்துள்ளன. இதைக் கண்ட மாணவர் முகங்களில் தோன்றும் வியப்பை எத்தனை ஆண்டுகள் பார்த்தும் எனக்குச் சலித்ததே இல்லை.

குற்றம் ஓவியருடையது மட்டும் அன்று. நம் கண்ணுக்குப் பழகிப்போன உலகப் படத்தின் மூலவடிவத்தை 1569-இல் வரைபடவியலாளர் மெர்கேட்டர் வரைந்தது கடலோடிகளுக்காக. திசைகாட்டியின் முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு கப்பலைச் செலுத்த அதன் நேர்கோடு உதவியது. குறைந்த தொலைவைக் காட்டுவது அதன் நோக்கமே அன்று. உருண்டையின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு பகுதியே இரு இடங்களுக்கு இடையிலான குறுக்குவழி என்பதை நம் பள்ளிப் பாடநூல்களும் சொல்கின்றன. நாளிதழின் படம் அந்தப் பாடத்தை மறுப்பதுபோல் இருந்தால், மாணவர் எதை நம்புவார்?

இனி, உண்மையான பாதை பெருவட்டத்தையும் அப்படியே பின்பற்றுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் விரைந்தோடும் ஜெட் காற்றோட்டம், விமானப் பாதையைத் தீர்மானிப்பதில் தொலைவுக்கு நிகரான இடத்தைப் பெறுகிறது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் இடைநில்லா விமானம் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலின் மேலாகக் கிழக்கு நோக்கிச் செல்கிறது. நியூயார்க்கிலிருந்து திரும்பும்போதோ, பல நாட்களில், அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து மீண்டும் கிழக்கு நோக்கியே வருகிறது. அதாவது போக்கும் வரவும் சேர்ந்து உலகையே ஒரு முறை வலம் வந்துவிடுகின்றன! நிலத்தின் மேல் அளந்தால் தொலைவு கூடுகிறது. ஆனால் முதுகில் தள்ளும் காற்றினால் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன. 2020 பிப்ரவரியில் கியாரா புயலை ஒட்டிய பலத்த காற்றின் துணையோடு, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனை 5 மணி நேரத்திற்கும் குறைவாக அடைந்தது. வட அட்லாண்டிக்கில் இந்தக் காற்றைப் பார்த்தே பாதைகள் நாளுக்கு இருமுறை புதிதாக வகுக்கப்படுகின்றன. ஆதலால் ஒரு படத்தில் ஒரே கோட்டை வரைந்து ‘இதுதான் பாதை’ என்பதுகூடச் சரியாகாது. போகும் கோடும் வரும் கோடும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

எஞ்சின்களைப் பற்றியும் ஒரு சொல். இரட்டை எஞ்சின் விமானங்கள் ஒரு காலத்தில், ஒரு எஞ்சின் நின்றுபோனால் 60 நிமிடங்களுக்குள் எட்டக்கூடிய விமான நிலையத்தை எப்போதும் அருகில் வைத்துக்கொண்டே பறக்க வேண்டியிருந்தது. 1985-இல் அந்த வரம்பு 120 நிமிடங்களாக உயர்த்தப்பட்டது. இன்று ஏர்பஸ் ஏ350 விமானம் 370 நிமிடங்கள் வரை அனுமதி பெற்றுள்ளது. பெருங்கடல்களின் நடுவே பாதைகள் நிமிர்ந்ததற்கு இதுவே காரணம்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது வான்வெளி உரிமை தொடர்பானது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்று 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை வரையறுத்தது. எனவே குறுக்குவழி எங்கே என்பதைக் கணிதம் சொன்னாலும், அதில் போகலாமா என்பதைக் கீழே உள்ள நாடுதான் சொல்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போரைத் தொடர்ந்து ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபோது, ஏறத்தாழ 9 மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவன விமானங்கள் ரஷ்யாவைத் தவிர்க்க வட துருவத்தின் மேலாகவே பறந்தன. இதைத் தட்டையான படத்தில் வரைய முயன்றால் கோடு தாளின் மேல் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடும்.

பாதையைத் தவறவிடுவதன் விலை உயிர்களாகவும் இருந்திருக்கிறது. 1983 செப்டம்பர் 1 அன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோல் நோக்கிச் சென்ற கொரியன் ஏர்லைன்ஸ் விமானம் தனக்கு வகுக்கப்பட்ட பாதையிலிருந்து சிறிது சிறிதாக விலகிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. அது சுட்டு வீழ்த்தப்பட்டதில் 269 பேர் இறந்தனர். அதன் பிறகே ஜிபிஎஸ் வசதியைப் பொதுப் பயன்பாட்டுக்கும் இலவசமாகத் தருவதாக அமெரிக்கா அறிவித்தது. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்த மலேசியா ஏர்லைன்ஸ் விமானமோ பாதை தவறவே இல்லை. கிழக்கு உக்ரைனில் 32,000 அடிக்குக் கீழே மட்டுமே வான்வெளி மூடப்பட்டிருந்தது; விமானம் 33,000 அடியில், அனுமதிக்கப்பட்ட உயரத்தில்தான் பறந்தது. ஆயினும் அது சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 298 பேரும் உயிரிழந்தனர். அந்த 1,000 அடியை நினைக்கும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது. தன் விமானம் எந்த நாடுகளின் மேலாகப் பறக்கப்போகிறது என்று அறிந்துகொள்ளப் பயணிக்கு உரிமை உண்டு என்று நான் உறுதியாக நம்புவதும், சரியான படத்தைத் தங்களிடம் கேட்பதும் இதனால்தான்.

நான் கேட்பது செலவு மிகுந்ததன்று. விமானப் பாதை தொடர்பான செய்திகளுக்கு, துருவத்தை மையமாகக் கொண்ட படத்தையோ உருண்டை வடிவப் படத்தையோ பயன்படுத்துங்கள். மூடப்பட்ட வான்வெளி இருந்தால் அதை நிழலிட்டுக் காட்டுங்கள். பெருவட்டத் தொலைவையும் அன்று பறந்த தொலைவையும் அருகருகே அச்சிடுங்கள். இடமில்லாதபோது, ‘இக்கோடு இரு நகரங்களையும் இணைத்துக் காட்டுவதற்கு மட்டுமே’ என்ற ஒரு வரியேனும் படத்தின் கீழே இருக்கட்டும்.

சிட்னிக்கும் லண்டனுக்கும் இடையே, ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் தொலைவை எங்கும் இறங்காமல் கடக்கும் சேவையை ஏ350-1000 விமானங்களைக் கொண்டு நடத்தக் குவாண்டாஸ் நிறுவனம் திட்டமிட்டுள்ளது. 1947-இல் இதே நிறுவனம் இந்தப் பயணத்தைத் தொடங்கியபோது, வழியில் பல ஊர்களில் இறங்கி நான்கு நாட்கள் ஆயின. இடைநில்லா விமானம் முதன்முதலில் புறப்படும் நாளில் தங்கள் நாளிதழும் நிச்சயமாகப் படம் வெளியிடும். அந்தப் படத்தை வரையும் முன், தங்கள் ஓவியர் ஒரு நூலை எடுத்து உருண்டையின் மேல் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்