வருஷத்துக்கு எத்தனை நீல இன்ஹேலர் தீருது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க மருத்துவப் பக்கத்துல ஆஸ்துமா பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லா தான் எழுதியிருந்தாங்க, ஆனா மூச்சு வாங்குச்சுன்னா இன்ஹேலர் அடிச்சுக்கணும்னு சொல்லிட்டு அதோட முடிச்சுட்டாங்க. அந்த ஒரு வரிய மட்டும் நம்பி பல வருஷம் ஓட்டுன ஆளு நான், அதனால தான் இந்த லெட்டர்.

என் கதை சிம்பிள். இழுப்பு வந்தா நீல கலர் இன்ஹேலர் ரெண்டு பஃப், அஞ்சு நிமிஷத்துல நெஞ்சு லேசாயிடும், அப்புறம் அத மறந்துடுவேன். டாக்டர் தினமும் அடிக்க சொல்லி இன்னொரு இன்ஹேலர் எழுதி குடுத்தாரு, அது ஸ்டீராய்டாமேன்னு பயந்து அலமாரியில வச்சுட்டேன். அடிச்சாலும் அடிச்ச உடனே ஒண்ணும் தெரியல பாருங்க, நீலத்துக்கு இருக்குற மாதிரி "அப்பாடா" இல்ல. அப்புறம் ஒரு தடவ ரொம்ப முடியாம போய் படுத்தப்ப வேற ஒரு டாக்டர் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, வருஷத்துக்கு எத்தனை நீல இன்ஹேலர் தீருதுன்னு. மாசம் ஒண்ணு தீரும்னு பெருமையா சொன்னேன், அதாவது மருந்து ஒழுங்கா எடுக்குறேன்னு காட்டிக்குற நெனப்புல. அவரு முகமே மாறிடுச்சு.

ஒரு இன்ஹேலர்ல 200 பஃப் இருக்கும். வருஷத்துக்கு மூணு தாண்டுனாலே பெரிய அட்டாக் வர்ற ரிஸ்க் கூடுது, 12 தொட்டா உயிருக்கே ரிஸ்க்காம். பிரிட்டன்ல ஆஸ்துமாவால இறந்தவங்க கேஸ ஆராய்ஞ்சு 2014ல ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, அதுல நீல இன்ஹேலர் கணக்கு கெடச்ச 165 பேர்ல 65 பேருக்கு கடைசி ஒரு வருஷத்துல 12க்கு மேல எழுதி குடுத்திருந்தாங்க.

காரணம் என்னன்னா, நீலத்துல இருக்குற சால்பூட்டமால் மூச்சுக்குழாய சுத்தி இறுகிப்போன தசைய மட்டும் தான் தளர்த்தும், ஆனா ஆஸ்துமாவோட வேர் உள்சுவர்ல இருக்குற வீக்கம், அது சளிய சுரந்துக்கிட்டே இருக்கும், தூசி, புகை, சளி ஜுரம், குளிர் காத்து எது பட்டாலும் குழாய் சுருங்குறதும் அந்த வீக்கத்தால தான். பசிக்கு தண்ணி குடிச்ச மாதிரி அப்போதைக்கு அடங்குமே தவிர வீக்கம் அப்படியே இருக்கும். அத கொறைக்கிறது அலமாரியில தூங்குன அந்த ஸ்டீராய்டு இன்ஹேலர், அதுவும் மெதுவா, வாரக்கணக்குல. நல்லா இருக்குற நாள்லயும் எடுக்கணும், ஒரு மூணு மாசம் கன்ட்ரோல்ல இருந்தா டாக்டரே டோஸ கொறைப்பாரு, நாமளா நிறுத்தக்கூடாது. ஜினாங்கிற சர்வதேச ஆஸ்துமா அமைப்பு 2019லயே சொல்லிடுச்சு, 12 வயசுக்கு மேல யாருக்கும் நீலத்த மட்டும் தனியா குடுக்காதீங்கன்னு.

ஸ்டீராய்டு பயத்துக்கு வரேன். இன்ஹேலர் டோஸ் மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரை மில்லிகிராம் கணக்கு, ஆயிரம் மடங்கு வித்தியாசம். தினமும் 200 மைக்ரோகிராமுக்கு பயந்த நான் அட்டாக் வந்தப்பல்லாம் 40 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரைய நாள்கணக்குல முழுங்கியிருக்கேன்! இன்ஹேலர்னா கடைசி ஸ்டேஜ், மாத்திரை தான் சேஃப்ன்னு சொல்றவங்களுக்கும் ஒரு கணக்கு: சால்பூட்டமால் 4 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணுல இருக்குற மருந்து 40 பஃப்புக்கு சமம், கை நடுங்காம என்ன செய்யும்?

கண்டுபிடிக்கிறதுலயும் ஏமாந்தேன். ராத்திரி மூணு மணிக்கு இருமல் வந்து எழுப்பும், பகல்ல டாக்டர்கிட்ட போனா நெஞ்சு க்ளியர், ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பிடுவாங்க. வர்றதும் போறதுமா இருக்குறது தான் ஆஸ்துமாவோட குணமே. ஸ்பைரோமெட்ரின்னு ஊத சொல்வாங்க, அப்புறம் மருந்து குடுத்து கால் மணி நேரம் கழிச்சு திரும்ப ஊத சொல்வாங்க, முதல் செகண்ட்ல வெளிய வர்ற காத்து 12 சதவீதமும் 200 மில்லியும் கூடுச்சுன்னா பெரியவங்களுக்கு ஆஸ்துமாங்கிற சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. நல்லா இருக்குற அன்னைக்கு ஊதுனா நார்மல்னு வரலாம், அத வச்சு ஆஸ்துமா இல்லன்னு முடிவு பண்ணிடக்கூடாது. எனக்கு ரெண்டு வாரம் காலையிலயும் சாயங்காலமும் எவ்வளவு வேகமா ஊதுறோம்னு அளக்குற பீக் ஃப்ளோ மீட்டர்ல ஊதி நோட்டுல எழுதுனப்ப தான் ஏத்த இறக்கம் தெரிஞ்சுச்சு.

இன்னொண்ணு, நான் அடிச்ச லட்சணம். குலுக்க மாட்டேன், வாயில வச்சு படக்குன்னு அழுத்துவேன், பாதி மருந்து நாக்குல. மூச்ச வெளிய விட்டுட்டு, அழுத்தும்போதே மெதுவா ஆழமா இழுத்து, 10 செகண்ட் அடக்கணும். ஸ்பேசர்ங்கிற பிளாஸ்டிக் குழாய இன்ஹேலர்ல மாட்டிக்கிட்டா இன்னும் ஈஸி. பவுடர் டைப் இன்ஹேலருக்கு இது நேர் எதிர், வேகமா இழுக்கணும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு அப்புறம் வாய் கொப்பளிச்சு துப்பிடணும், இல்லன்னா வாய்ல வெள்ளையா பூஞ்சை படியும், எனக்கு படிஞ்சுச்சு.

ஒரு வாக்கியத்த முழுசா பேச முடியல, உதடு நீலமாகுதுன்னா உடனே ஆஸ்பத்திரி. மூச்சுத்திணறல் கொறையாமலே விசில் சத்தம் மட்டும் நின்னு போச்சுன்னா சரியாயிடுச்சுன்னு உக்காந்துடாதீங்க, அது தான் ரொம்ப மோசம், சத்தம் போடக்கூட காத்து போகலைன்னு அர்த்தம்.

அடுத்த தடவ ஆஸ்துமா கட்டுரை போட்டா இன்ஹேலர் அடிக்கிற முறைய படத்தோட போடுங்க சார், பக்கத்துலயே வருஷத்துக்கு எத்தனை நீலம் தீருதுங்கிற கேள்வியயும் பெரிய எழுத்துல போட்டுடுங்க.

இப்படிக்கு,
இப்ப நீல இன்ஹேலர் வருஷத்துக்கு ஒண்ணு கூட தீராத ஒரு வாசகர்