பெட்டி முதலில், தொழிற்சாலை பிறகு: கூட்டுறவுச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களையும் சிக்கனக் கடன் சங்கங்களையும் நடத்துகின்ற தலைவர்மார், முகாமையாளர்மார் அனைவருக்கும்,

வணக்கம், ஸலாம்.

எங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கடைசி வாங்கில் இருந்தேன். கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் தலைவர் "ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கா?" என்று கேட்டார். கை தூக்கினேன். அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது, கூட்டமும் எழும்பிவிட்டது. அன்றைக்குச் சொல்ல நினைத்தது இது: ஆலை கட்டுவதற்கு முதல், ஓடுகிற ஆலைகளில் பங்கு வாங்கும் ஒரு கம்பனியைச் சங்கங்கள் சேர்ந்து தொடங்க வேண்டும். பெட்டி என்று நான் சொல்வது அந்தக் கம்பனியைத்தான். அதைத்தான் இப்போது எல்லாச் சங்கத்தாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் 2006 முதல் 2019 வரை குவைத்தில், ஷுஐபா கைத்தொழில் வலயத்தில் சாரம் கட்டியவன். நம்மூரில் சாரம் என்றால் இடுப்பில் கட்டுவது. நான் கட்டியது இரும்புக் குழாயில், நாற்பது ஐம்பது அடி உயரத்துக்கு, வெல்டிங்காரனும் பெயின்ற்காரனும் ஏறி நிற்க. போன புதிதில் எக்குவேட் என்ற பெற்றோலிய இரசாயனக் கம்பனியின் (பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள் செய்கிற கம்பனி) பெரிய விரிவாக்கம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பனியின் ஆள் இல்லை நான். ஒரு துணை ஒப்பந்தக்காரனின் ஆள். என் அட்டையில் அவன் பெயர், சம்பளத்தைப் பிடித்து வைத்ததும் அவன். அது வேறு கதை.

மேலே நிற்கும்போது கொழுந்துவிட்டு எரியும் கோபுரங்கள் தெரியும். எண்ணெயோடு கூடி வரும் வாயுவை ஒரு காலத்தில் அப்படியே எரித்துத் தள்ளினார்களாம். பிறகுதான் அதைப் பிடித்துப் பொருளாக்கத் தொடங்கினார்கள். 1963 இலேயே குவைத் அரசு பெற்றோலிய இரசாயனத்துக்கென்று ஒரு கம்பனி தொடங்கியது, முதலில் உரம் செய்ய. நம் வயலுக்குப் போடும் யூரியா அதே மாதிரி வாயுவில் இருந்து பிறப்பதுதான். 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது அந்த மூடையின் அருமை நமக்குத் தெரிந்தது. பெரும்போகத்தில் குட்டையாகவே நின்றுபோன பயிரை நீங்களும் பார்த்தீர்கள்.

என்னை வியக்க வைத்தது இந்த இரசாயனம் இல்லை. எக்குவேட்டின் பங்கு பிரிந்திருந்த விதம்தான். அமெரிக்காவின் டௌ கம்பனிக்கு 42.5 வீதம், குவைத் அரசின் கம்பனிக்கு 42.5 வீதம். மீதி 15 வீதத்தில் 9 புபியான் என்ற கம்பனிக்கு, 6 குரெய்ன் என்ற கம்பனிக்கு. கடைசி இரண்டின் பெயரையும் வேலைத்தளத்தில் எந்தப் பலகையிலும் நான் கண்டதில்லை. ஒரு போர்மன்தான் விளங்கப்படுத்தினார். அவை எதையும் காய்ச்சுவதில்லை, வடிப்பதில்லை. பங்கு மட்டும் வைத்திருக்கும்.

நம்மாளுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். நிறையக் காணி வைத்திருக்கும் போடியார் சேற்றில் இறங்குவதில்லை. மூன்று நான்கு வட்டையில் (வயல்வெளியில்) காணி இருக்கும், முல்லைக்காரன் பார்த்துக்கொள்வான், விளைச்சலில் பங்கு வீடு தேடி வரும். ஒரு வட்டையில் வெள்ளம் அடித்தாலும் மற்ற வட்டை கைகொடுக்கும். பங்குக் கம்பனி என்பது அந்தப் போடியார்தான். வித்தியாசம், அந்தப் போடியார் ஒரு மனிசன் இல்லை. பங்குச்சந்தையில் பங்கு வாங்கிய எல்லாருமாகச் சேர்ந்து ஒரு போடியார்.

இந்த ஆறு வீதக்காரனைக் கொஞ்சம் பாருங்கள். குரெய்ன் 2004 இல் பிறந்தது. அந்த வருடம் நமக்கு எதற்காக ஞாபகமென்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த வருடக் கடைசியில் வந்த சுனாமிக்குப் பிறகு கல்முனையில் இருந்து களுவாஞ்சிகுடி வரை கடற்கரையில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. அத்திவாரம் மிஞ்சியதால்தான் நான் கப்பலேறினேன் (விமானம்தான், ஆனாலும் எங்கள் வீட்டில் கப்பலேறினான் என்றுதான் சொல்வார்கள்). பெற்றோலிய இரசாயனத்தில் தொடங்கிய அந்தக் கம்பனி அதோடு நின்றுவிடவில்லை. சவூதியில் பால் பெட்டி விற்கும் சதாஃப்கோ கம்பனியில் சுமார் 40 வீதம் வரை வாங்கியது. கேம்பில் விடியற்காலை பாணோடு நான் குடித்த பால் அவர்களுடையதாகவே இருந்திருக்கலாம். பிளாஸ்டிக்கின் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்கும், பால் அப்படி ஆடாது. 2022 இல் குரெய்ன் அதைவிடப் பெரிய முதலீட்டுக் கம்பனியான கிப்கோவோடு இணைந்துவிட்டது. புபியானும் இப்படித்தான், இரசாயனத்தில் வந்த காசைக் கல்வித் துறை வரை கொண்டுபோய்ப் போட்டது. எக்குவேட்டோ 2015 இல் எம்.ஈ.குளோபல் என்ற இன்னொரு இரசாயனக் கம்பனியை 320 கோடி டொலருக்கு வாங்கி, 2019 இல் அமெரிக்காவின் டெக்சாஸிலேயே ஒரு ஆலையைத் திறந்துவிட்டது.

"அவங்களிட்ட எண்ணெய் இருக்கு, எங்களிட்ட என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பாதிவரைக்கும். 1990 ஓகஸ்டில் அந்த நாட்டை ஈராக் பிடித்தது. விட்டுப்போகும்போது அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். கடைசிக் கிணறு அணைந்தது 1991 நவம்பரில். 1995 இல் எக்குவேட் பதிவாகிறது. அதே வருடம் புபியானும் பதிவாகிறது. ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1997 இல். கவனியுங்கள், ஆலையின் முதல் மூடை வெளியே வருவதற்கு முன்பே பங்கு வாங்கும் பெட்டி தயாராக இருந்தது. நமக்குப் போர் ஓய்ந்து எத்தனை வருடம்? அந்தப் பெட்டி எங்கே?

பெட்டி இல்லாமல் ஆலை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களில் வந்தது. வைக்கோலில் இருந்து கடதாசி! நம் சூட்டுக்களத்தில் மாடு தின்றது போக எரிக்கிற வைக்கோல். யோசித்தவனுக்குக் கும்பிடு போடலாம். ஆனால் அது கொழும்பின் கூட்டுத்தாபனம். நம்மாட்கள் அதில் சம்பளக்காரர், பங்காளர் இல்லை. போரில் அது நொடிந்தபோது அதைத் தூக்கி நிறுத்தும் உரிமை நம்மிடம் இருக்கவில்லை. கெஞ்சும் உரிமைதான் இருந்தது. ஹிங்குராணைச் சீனி ஆலையைப் புதுப்பித்தபோது அரசுக்கு 51 வீதம், தனியாருக்கு 49 வீதம் என்று பிரித்தார்கள். கரும்பு போடுகிறவனின் சங்கத்துக்கு ஒரு வீதமாவது கேட்க அன்றைக்கு ஆள் இருந்ததா?

எரிக்கிற பொருளைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பக்கத்து மில்லுக்குப் பின்னால் ஒரு உமி மலை இருக்கிறது. மேலே பார்த்தால் சாம்பல், ஆறிப்போனது மாதிரி. உள்ளே கங்கு. போன வருடம் ஒரு கன்றுக்குட்டி அதில் கால் வைத்து முழங்கால் வரை வெந்துபோனது. அவிழ்த்துவிட்ட பொடியன் அழுதுகொண்டு ஓடி வந்தான். ஷுஐபாவில் நான் பார்த்த கோபுர நெருப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, இதற்கு ஏறுபடி இல்லை என்பதைத் தவிர. அதுகூட இங்கே மில் இருப்பதால் உள்ள உமி. பெரும்பாலான நெல், வெட்டு மெசினில் இருந்து ஈரத்தோடு நேரே லொறிக்கு ஏறிப் பொலன்னறுவைக்குப் போகிறது. உமியும் தவிடும் குருணலும் அங்கே தங்கிவிடும். திரும்பி வருவது ஐந்து கிலோப் பையில் அரிசி. அந்தப் பையின் மூலப்பொருள் வளைகுடாவில் இருந்தே வந்திருக்கலாம். நம்முடையது அதற்குள் இருந்த நெல் மட்டும், அதையும் விற்றாகிவிட்டது.

சரி, காசுக்கு எங்கே போவது? 2024 இல் வெளிநாட்டில் இருந்து இலங்கைக்கு உழைப்பாளர் அனுப்பிய காசு ஏறக்குறைய 657 கோடி டொலர். அதில் ஓட்டமாவடிக்காரனும் அக்கரைப்பற்றுக்காரனும் கிரானில் இருந்து வீட்டு வேலைக்குப் போன பெண்ணும் அனுப்பியது இருக்கிறது. என் தங்கச்சி ஒன்பது வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்தாள். அந்தக் காசில் சுவர் எழும்பியது, மகளின் கலியாணம் நடந்தது, ஒரு ஓட்டோ வந்தது. ஓட்டோ இப்போது மாமரத்துக்குக் கீழே நிற்கிறது, ரயருக்குக் காசில்லை. தப்பு அவள் மேல் இல்லை. ஓட்டோவை விட நல்ல இடத்தில் அந்தக் காசைப் போட ஒரு வழியை இந்த ஊர் அவளுக்குக் காட்டவே இல்லை.

காட்டியதெல்லாம் சீட்டு. நானும் ஒரு சீட்டில் நான்கு இலட்சம் விட்டவன். பிடித்தவர் நல்ல மனிசன், கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்பவர். ஒரு நாள் வீடு பூட்டியிருந்தது. மாதம் பத்து வீதம் தருகிறோம் என்று வந்த கூட்டமும் ஒன்றா இரண்டா. அதனால்தான் இந்த மடலைப் புதிதாக ஒரு முதலாளிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களிடம் கிராமிய வங்கி இருக்கிறது, கணக்காய்வு இருக்கிறது, ஊருக்கு ஊர் கிளை இருக்கிறது. குறைகள் இல்லையா? இருக்கின்றன. பங்கீட்டு அரிசிக் காலத்து நினைப்பிலேயே இருக்கும் சங்கங்களையும் தெரியும். இருந்தாலும், பூட்டியிருக்கும் வீட்டை விட வெயிலில் நிறம் மங்கிய உங்கள் பெயர்ப்பலகையை நம்பலாம்.

நான் கேட்பது இதுதான். இரு மாவட்டச் சங்கங்களும் சேர்ந்து ஒரு பங்குக் கம்பனியைத் தொடங்குங்கள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டம் இருக்கிறது. பொதுமக்களிடம் பங்கு விற்பதற்கு என்னென்ன அனுமதி வேண்டுமென்று ஒரு நல்ல சட்டத்தரணியைக் கேளுங்கள், குறுக்கு வழி வேண்டாம். கூட்டுறவு மாகாண சபையின் விடயம், மாகாண சபையோ 2017 இல் கலைந்த பிறகு வருடக்கணக்காகத் தேர்தலே இல்லை என்று சாட்டுச் சொல்லாதீர்கள். திணைக்களம் திறந்துதான் இருக்கிறது.

தொடங்கியதும் ஆலை கட்ட வேண்டாம். தயவுசெய்து கட்ட வேண்டாம். நாடா வெட்டிப் படம் எடுத்து, இரண்டு வருடத்தில் ஆடு கட்டும் கொட்டிலாகிப்போன கட்டடங்கள் நமக்குப் போதும். ஏற்கெனவே ஓடுகிற ஒரு அரிசி மில்லில், ஒரு பால் பதனிடும் இடத்தில், ஒரு ஐஸ் ஆலையில் ஆறு வீதம் வாங்குங்கள். அவர்களுக்கும் காசு முடைதான், கதைத்தால் தருவார்கள். நம் நெல்லை ஈரத்தோடு விற்காமல் காயவைக்கும் ஒரு மில்லில் இருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம், உமியை எரித்து அதே சூட்டில் நெல்லைக் காயவைக்கிற மில் என்றால் இன்னும் நல்லது. அப்புறம் அடுத்தது. குரெய்ன் ஒரே நாளில் பால் கம்பனிக்குப் போகவில்லை.

விழுந்த கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வளைகுடாவில் இருந்து வந்தவன் புளுகுகிறான் என்பீர்கள். 2008 டிசம்பரில், டௌவோடு செய்த 1,740 கோடி டொலர் கூட்டு ஒப்பந்தத்தைக் குவைத் கடைசி நேரத்தில் ரத்து செய்தது. உலகச் சந்தை சரிந்திருந்தது, பாராளுமன்றத்தில் ஒரே சத்தம். நடுவர் தீர்ப்பில் தோற்று 2013 இல் சுமார் 220 கோடி டொலர் கட்டினார்கள். அதாவது ஒன்றையும் வாங்காமலே காசு போனது. அதனால் முதலீட்டைத் தீர்மானிக்கிற கதிரையில் கட்சிக்காரரை இருத்தாதீர்கள். எந்தக் கட்சி என்று நான் எழுதப் போவதில்லை, எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. பிளாஸ்டிக் செய்த இடத்தில் உழைத்தவன் என்ற முறையில் எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பொலித்தீன் ஆலையை விட்டு வெளியே வருவது சவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகளாக, மூடை மூடையாக. காலுக்குக் கீழே கிடந்தால் வழுக்கும், கூட்டி அள்ளச் சொல்லிக் கத்துவார்கள். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து, 1,680 தொன் அளவு பிளாஸ்டிக் மணிகளோடு தாழ்ந்தபோது, தொலைக்காட்சியில் நீர்கொழும்புக் கரையைப் பார்த்து அந்த மணியை உடனே அடையாளம் கண்டேன். நம் வாவிக் கரையில் கண்டலின் வேருக்குள் சிக்கியிருக்கும் சொப்பின் பைகளையும் தினமும் பார்க்கிறேன். ஆகவே நம் பெட்டியின் காசு எதில் போகலாம், எதில் போகக்கூடாது என்று முதலிலேயே எழுதி வையுங்கள். வாகரைப் பக்கம் மண் அகழும் கம்பனி பெரிய இலாபம் தருகிறேன் என்று ஒரு நாள் வந்து நிற்கும். அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்கக்கூடாது.

கிழக்குக் கடலில் எண்ணெய் இருக்கிறதென்ற கதை தேத்தண்ணிக் கடையில் அடிக்கடி அடிபடும். 2016 இல் பிரான்சின் டோட்டல் கம்பனி இந்தப் பக்கத்து ஜே.எஸ்.5, ஜே.எஸ்.6 கடற்பரப்புகளை ஆராய ஒப்பந்தம் போட்டது உண்மை. மன்னார் படுகையில் 2011 இல் வாயு கண்டார்கள், அதுவும் இன்னும் கரைக்கு வரவில்லை. இங்கே வருமோ வராதோ. வந்தால் அன்றைக்கு மேசையில் "எங்களுக்கும் ஆறு வீதம்" என்று கேட்க ஒரு பதிவு இலக்கம் வேண்டும்.

என் பங்குக்கு இரண்டு இலட்சம் ரூபா தருவேன். தங்கச்சி ஐம்பதாயிரம் என்றாள், பிறகு இருபத்தைந்து என்றாள், கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் மீதி என்றாள். அவள் சொன்ன நிபந்தனையையும் எழுதிவிடுகிறேன்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைச் சங்கக் கடைச் சுவரில், மா வாங்க நிற்கும் வரிசைக்கு நேரே, பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடியதாக.

ஏப்ரல் விடுமுறைக்கு வளைகுடாவில் இருந்து பொடியன்மார் வருவார்கள், இரண்டு கிழமைதான் நிற்பார்கள். அதற்குள் ஒரு கூட்டம் வையுங்கள். தேத்தண்ணியைக் கடைசியில் கொடுங்கள்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் இருந்து,
இரும்புச் சாரம் கட்டிய ஒருவன்