கடைசி டவுன் பஸ் காத்திருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கங்களில் எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு நன்றாக இருக்கிறது, விடுதி எப்படி, நூலகம் எப்படி என்று விரிவாக எழுதுகிறீர்கள். அந்தக் கல்லூரி இருக்கும் ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறது, இறங்கிய பிறகு விடுதிக்கு எப்படிப் போவது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. பெரிய நகரத்துக் கல்லூரி என்றால் இந்தக் கேள்வியே எழாது. ரயிலோ விமானமோ எட்டிப் பார்க்காத சின்னக் கல்லூரி நகரம் என்றால் இதுதான் முதல் கேள்வி.

நான் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டே காலத்தைக் கழித்தவன். அந்தப் பழக்கத்தில் எந்த ஊரின் கால அட்டவணை கையில் கிடைத்தாலும் முதலில் கடைசி நடையைத்தான் தேடுவேன். மற்ற நடைகள் தவறினால் அடுத்த வண்டி உண்டு. கடைசி நடை தவறினால் பயணி தெருவில் நிற்பார்.

என் மகள் படிப்பது அப்படி ஒரு சின்ன ஊரில். ஊர்ப் பெயரும் பஸ் நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. நான் விசாரித்த வரையில் இது ஒரு நிறுவனத்தின் கோளாறாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை கிளம்பும் வெளியூர் பஸ் இரவு 10.40-க்கு அந்த ஊரை அடையும் என்று அட்டவணை சொல்கிறது. வளாகத்துக்குப் போகும் கடைசி டவுன் பஸ் 10.55. காகிதத்தில் பார்த்தால் யாரோ யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஒருமுறை அவளோடு அந்த வண்டியில் ஏறினேன். ஏறி உட்கார்ந்ததும் அட்டவணையை மறுபடி பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு என்ன ஓட்டநேரமோ, அதே ஓட்டநேரம்தான் ஞாயிறு மாலைக்கும் கொடுத்திருந்தார்கள். அதை எழுதியவர் அந்தச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது போயிருந்தால் கை கூசியிருக்கும். வார இறுதி முடிந்து ஊர் திரும்பும் கார்கள் எல்லாம் அதே நேரத்தில் அதே சாலையில்தான் இருக்கின்றன. பாதி வழியில் ஓட்டுநரின் ஓய்வுக்காக வண்டி நின்றது. அது நிற்கத்தான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வு கட்டாயம். அமெரிக்காவில் பேருந்து ஓட்டுநர் பத்து மணி நேரத்துக்கு மேல் தொடர் பணியில் வண்டி ஓட்டக் கூடாது. தாமதத்தை ஈடுகட்ட ஓட்டுநரின் தூக்கத்தில் கை வைக்கச் சொல்லும் ஆள் நானில்லை.

ஊர் எல்லையை எட்டும்போது 11.20. இறக்கிவிட்ட இடம் புறவழிச் சாலையில், மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க் ஒன்றின் எதிரே. ஒரு கம்பம், அதில் நிறுவனத்தின் பெயர் எழுதிய தகடு. கூரை இல்லை, உட்கார ஒரு பலகை இல்லை, கம்பத்தின் மேல் விளக்கும் இல்லை. ஓட்டுநர் நல்ல மனிதர். எல்லாருடைய பெட்டிகளையும் தானே இறக்கி வைத்தார். இறங்கியவர்களில் நானும் இன்னொரு முதியவரும் தவிர மற்ற எல்லாரும் மாணவர்கள். டவுன் பஸ் நிற்கும் இடம் சாலைக்கு அந்தப் பக்கம். அது சரியாக 10.55-க்குப் போய்விட்டிருந்தது. வழியில் ஏறியவர்களைத் தவிர வேறு யாரும் இல்லாமல்தான் போயிருக்கும். அந்த நேரத்தில் அந்த நிறுத்தத்தில் ஏறக்கூடியவர்கள் முழுக்க எங்கள் வண்டியில்தானே இருந்தோம்?

“எப்போதும் இப்படித்தான் அப்பா, நடந்துவிடலாம்” என்றாள் மகள். கோபமே இல்லாமல் அவள் அதைச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் முன்னால் பிள்ளைகள் கைப்பேசி வெளிச்சத்தில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். அதில் ஒரு பெண் முதல் ஆண்டு மாணவி போலிருக்கிறது. வீட்டாரோடு கைப்பேசியில் பேசிக்கொண்டே, தான் விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

மறுநாள் மூன்று இடங்களுக்குப் போனேன். பஸ் நிறுவனத்தின் முகவர், தங்கள் பொறுப்பு அந்தக் கம்பத்தோடு முடிகிறது என்றார். டவுன் பஸ் அலுவலகத்தில், வெளியூர் வண்டி எப்போது வரும் என்று தங்களுக்கு யாரும் சொல்வதில்லை என்றார்கள். கல்லூரியில் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். வளாகத்துக்கு வெளியே நடப்பது நகராட்சியைச் சேர்ந்தது என்று முடித்துக்கொண்டார்கள். மூவர் சொன்னதும் உண்மை. மூன்று உண்மைகளுக்கும் நடுவில்தான் அந்தப் பிள்ளைகள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

கல்லூரி நகரங்களுக்கு இந்தக் கதி ஏன் என்று யோசித்தால் காரணம் கொஞ்சம் பழையது. பெரிய நகரத்தின் இரைச்சலிலிருந்து தள்ளி, நிலம் கிடைத்த இடத்தில் கட்டப்பட்டவை பல. அமெரிக்காவில் இத்தாக்கா என்ற ஊர் இருக்கிறது. 1865-ல் கார்னெல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது எஸ்ரா கார்னெல் கொடுத்த அவருடைய பண்ணை நிலம் மலைமேல் இருந்தது. ஊரின் கடைவீதி பள்ளத்தாக்கில். அந்த ஊருக்கு வந்த பயணிகள் ரயில் 1961-ல் நின்றது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் இன்னும் பழைய கதை: 1413-லிருந்து பல்கலைக்கழகம் இருக்கிறது, ரயில் பாதையோ 1969-ல் மூடப்பட்டது. இன்றைக்கு லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். ரயில் போன பிறகு இப்படிப்பட்ட ஊர்களைத் தாங்குவது பேருந்து ஒன்றுதான்.

அந்தப் பேருந்துக்கோ இந்த ஊர்களால் தலைவலி. வெள்ளி மாலை ஊரைவிட்டுக் கிளம்பும் வண்டி நிரம்பி வழியும், திரும்பி வரும் வண்டி காலி. ஞாயிறு மாலை தலைகீழ். பருவத் தேர்வு முடிந்த அன்று எத்தனை வண்டி விட்டாலும் போதாது. விடுமுறையில் ஓட்டுநரும் இருக்கைகளும் மட்டும் பயணம் செய்யலாம். ஒரு பக்கம் காலியாக ஓடும் நடைக்கு எந்த நிறுவனமும் மனமுவந்து வண்டி ஒதுக்காது. அமெரிக்காவில் 1982-ல் பேருந்துத் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்திச் சட்டம் வந்ததும், இலாபம் தராத சிற்றூர் நிறுத்தங்கள் ஏராளமாகக் கைவிடப்பட்டன. பிறகு கிராமப்புறப் போக்குவரத்துக்கு மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுக்கும் தொகையில் குறைந்தது 15 சதவீதத்தை வெளியூர் பேருந்துகளுக்குச் செலவிட வேண்டும், தேவை இல்லை என்று ஆளுநர் சான்றளித்தால் ஒழிய, என்று விதி வைக்க வேண்டியதாயிற்று. ஜெர்மனியில் நடந்தது வேறு: ரயிலைக் காப்பாற்றுவதற்காகப் பல பத்தாண்டுகள் தொலைதூரப் பேருந்துகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். 2013 ஜனவரியில் அந்தக் கட்டை அவிழ்த்ததும், மலிவான டிக்கெட்டுக்குக் காத்திருந்த மாணவர்கள் பஸ்ஸுக்கு வந்தார்கள். வண்டிகள் பெருகின என்பது மகிழ்ச்சிதான். ஆனால் எந்தச் சட்டமும் கம்பத்துக்கும் விடுதிக் கதவுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றிப் பேசவில்லை.

பேருந்து நிலையக் கட்டடம் இருந்த ஊர்களிலும் இப்போது அது போய்க்கொண்டிருக்கிறது. 1914-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஹிப்பிங் ஊரில் சுரங்கத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற ஒரு வண்டியிலிருந்து வளர்ந்த கிரேஹவுண்ட் என்ற வெளியூர் பேருந்து நிறுவனத்தை 2021-ல் ஜெர்மனியின் ஃபிளிக்ஸ் நிறுவனம் வாங்கியது. வாங்கியது பேருந்துத் தொழிலை. நிலையக் கட்டடங்கள் பழைய முதலாளியிடமே இருந்தன. 2022-ல் அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. காத்திருப்புக் கூடமும் கழிப்பறையும் இருந்த இடம் மனையாகிவிட்டால், பஸ் சாலையோரத்துக்குத்தான் வரும். இதில் சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு பேருந்துப் பயணிகள் உரிமைச் சட்டத்தில், தொலைதூர வண்டி வெகுநேரம் தாமதமானால் தின்பண்டம், சாப்பாடு, தேவைப்பட்டால் தங்க இடம் என்று நல்ல நல்ல விதிகள் உள்ளன. எல்லாம் பணியாளரும் வசதியும் உள்ள நிலையத்திலிருந்து வண்டி தாமதமாகக் கிளம்பும்போது. வெறும் கம்பத்தடியில் நிற்பவருக்கு அவை எட்டுவதில்லை. சரியான நேரத்தில் கிளம்பி நள்ளிரவில் போய்ச் சேர்ந்தவரைப் பற்றியோ பேச்சே இல்லை. கிளம்புவதற்குச் சட்டம் எழுதியவர்கள் போய்ச் சேர்வதை மறந்துவிட்டார்கள்.

நான் கேட்பது புதுக் கட்டடமோ புதுச் சட்டமோ அல்ல. கடைசி டவுன் பஸ், கடைசி வெளியூர் பஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இது ஒன்றும் புதுமை இல்லை. நான் பணியில் இருந்தபோது இணைப்பு வண்டி வருகிறது என்று தெரிந்தால் கடைசி நடையைப் பிடித்து வைப்போம். எங்களிடம் இருந்தது ஒரு தொலைபேசியும் ஒரு விசிலும். இன்றைக்கு ஒவ்வொரு வண்டியும் எந்த இடத்தில் வருகிறது என்று பயணியின் கைப்பேசியே காட்டுகிறது. எங்கள் வண்டி எங்கே வருகிறது என்று அன்றிரவு என் மகளுக்குத் தெரிந்தது, டவுன் பஸ் ஓட்டுநருக்குத் தெரியவில்லை. சுவிட்சர்லாந்தில் 1982-லிருந்து நாடு முழுவதற்கும் ஒரே ஒழுங்கில் கால அட்டவணை போட்டு, ரயில் வரும் நேரத்துக்கு ஏற்ப மலைக்கிராமங்களுக்குப் போகும் மஞ்சள் அஞ்சல் பேருந்துகளை ஓட்டுகிறார்கள். அங்கே முடிகிறது என்றால் ஒரு கல்லூரி ஊரில், இரவில் ஒரே ஒரு வண்டிக்கு, ஏன் முடியாது?

டவுன் பஸ்ஸில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் கத்துவாரே என்று அந்த அலுவலகத்தில் கேட்டார்கள். நடுப்பகல் வண்டியை இருபது நிமிடம் நிறுத்தினால் கத்தத்தான் செய்வார். அடுத்த வண்டி தவறும், அலுவலகம் தவறும். கடைசி நடையில் இருப்பவருக்கு அதற்கு மேல் பிடிக்க வேண்டிய வண்டி இல்லை. தாமதமாக வீடு போவார், உண்மைதான்; வெறுங்காலியாக ஓடுவதைவிட நிறைந்து ஓடினால்தான் அடுத்த ஆண்டும் அவருக்கு அந்த நடை இருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும், அதில் பேச்சில்லை. அந்தச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேலும் வெளியூர் வண்டி வராவிட்டால் டவுன் பஸ் போகட்டும், கல்லூரியின் சொந்த வேன் வரட்டும். விழா என்றால் விருந்தினரை அழைத்து வர அந்த வேன் ஊர் ஊராகப் போகிறது. இதற்கு இரண்டு கிலோமீட்டர் வராதா?

ஏன் கல்லூரி என்று கேட்டால், அந்த நடையில் யார் வருகிறார்கள், எந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம், எந்த நாளில் தேர்வு முடிகிறது என்பது அதற்கு மட்டும்தான் ஆறு மாதம் முன்னாலேயே தெரியும். நாட்காட்டி அவர்கள் கையில். அதை பஸ் நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது. கார்னெல் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், தன் வளாகத்துக்கும் நியூயார்க் நகரத்துக்கும் நடுவே சொந்தமாகவே பேருந்து விட்டது. மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு நடக்கச் சொல்லவில்லை. லண்டனுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் இடையே 1987-லிருந்து ஓடும் ஆக்ஸ்போர்ட் டியூப் என்ற தனியார் பேருந்து ஊருக்குள் ஒரே இடத்தில் எல்லாரையும் கொட்டிவிட்டுப் போவதில்லை; வழிநெடுக மாணவர் இருக்கும் பகுதிகளில் நின்று நின்று போகிறது. அதற்குத் தனிச் செலவு என்ன? பிரேக் தேய்மானம்தான்.

கூடவே அட்டவணை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாலைக்கு உண்மையான ஓட்டநேரத்தைப் போடுங்கள். 10.40 என்று எழுதி 11.20-க்கு வருவதற்குப் பதில் 11.20 என்றே எழுதிவிடலாம். பயணி பார்த்துவிட்டு முந்தைய வண்டியில் ஏறுவார், டவுன் பஸ்காரர் தன் நேரத்தை மாற்றுவார், விடுதிக் காப்பாளர் கதவைத் திறந்து வைப்பார். போட்டியாளரின் வண்டி சீக்கிரம் சேர்கிறது என்று காட்டுமே என்ற பயத்தில்தான் யாரும் இதைச் செய்வதில்லை. எல்லாரும் ஒரே பொய்யை எழுதும்போது அதில் யாருக்கு என்ன இலாபம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்கள் கல்விப் பக்கத்தில் கல்லூரிகளின் விவரப் பட்டியல் போடும்போது, ஞாயிறு இரவு கடைசி வெளியூர் பஸ் வரும் நேரம், அதற்குப் பிறகு வளாகத்துக்கு வண்டி உண்டா இல்லையா என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்துப் போடுங்கள். கல்லூரிகளிடம் கேட்டே வாங்கிப் போடுங்கள். பதில் சொல்லாத கல்லூரியின் பெயருக்கு நேரே அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் பெற்றோரும் விடுதி அறையைச் சுற்றிப் பார்த்த கையோடு ஒரு மாலை வண்டியில் அந்த ஊருக்குள் இறங்கிப் பார்க்கலாம். என் மகள் படிக்கும் கல்லூரிக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறது: பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் பரிசீலித்து முடித்தால் நல்லது. அந்த முதல் ஞாயிறுக்கு டிக்கெட்டுகள் இப்போதே விற்கத் தொடங்கிவிட்டன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நேரக் காப்பாளர் ஒருவர்