கடல் இல்லாத ஊரில் கடலோரப் பொறியியல் எதற்கு என்று கேட்கும் பேராசிரியர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பொறியியல் கல்லூரிகளில் சிவில் துறையை நடத்தும் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்துப் பெண் நான். கடலோரக் கட்டுமானங்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றில் இளநிலைப் பொறியாளராக இருக்கிறேன். உங்கள் மாணவிகள் சிலர் என்னிடம் பேசுகிறார்கள். விருப்பப் பாடப் பட்டியலில் கடலோரப் பொறியியல் அச்சாகியிருக்கிறதாம், நடத்தச் சொல்லிக் கேட்டால், "இங்கே கடல் எங்கே இருக்கிறது?" என்று பதில் வருகிறதாம். நான் படித்தபோதும் இதே பதில்தான். அதனால் இந்த மடல்.

தென்பெண்ணை எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். நந்தி மலையில் பிறந்து ஓசூர் வழியாக நம் மண்ணுக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கடற்கரை மணலில் பெரும்பங்கு ஆறுகள் கொண்டுவந்து சேர்த்ததுதான். வழியில் அணை நின்றால் மணல் அங்கேயே தங்கிவிடும். கிருஷ்ணகிரி அணை தூர்ந்துபோனதைப் பற்றி நாம் ஆண்டுதோறும் புலம்புகிறோமே, அதன் மறுபாதி கடலூர்க் கரையில் இருக்கிறது: இங்கே தேங்கிய மணல் அங்கே போய்ச் சேரவில்லை. 1934 முதல் மேட்டூரில் தேங்கும் காவிரி வண்டலுக்கும் இதே கதைதான். கரையில் மட்டுமே நின்று வேலை பார்ப்பவருக்கு இந்த முன்கதை எளிதில் கண்ணில் படாது. ஒகேனக்கல்லில் செம்மண் நிறத்தில் வெள்ளம் பாய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடலும் நம்மைத் தேடி வராமல் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், அடுத்த ஓரிரு நாளில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது.

அடுத்து, கல். கடல் அரிப்பைத் தடுக்க மீனவ ஊர்கள் கேட்பது தூண்டில் வளைவு. கடலுக்குள் நீளும் கற்சுவர். அதன் மேலடுக்குக் கல் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பதற்கு ஹட்சன் சூத்திரம் உண்டு. கல்லின் எடை அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். அலை இரண்டு மடங்கானால் கல் எட்டு மடங்கு. கணக்கு அவ்வளவுதான், கல்லூரியிலேயே போட்டுவிடலாம். ஆனால் லாரியில் வந்து இறங்கும் கல் அந்தக் கணக்குக்கு ஈடு கொடுக்குமா என்பது வேறு வித்தை. நீளம் தடிமனைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் தள்ளிவிட வேண்டும்; பலகை போன்ற கல்லை அலை எளிதாகப் புரட்டும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். குவாரிகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு அந்த ஓசை பழகியது. தளத்தில் என்னை முதன்முதலில் மதித்தது கல் இறக்கும் மேஸ்திரிதான். அலுவலகம் மதிக்கக் கொஞ்சம் காலம் பிடித்தது.

அதையும் மறைக்காமல் சொல்கிறேன். முதல் வேலையில் என்னை வரைபடத்திலும் அலைக் கணக்கிலும் உட்கார்த்தி வைத்தார்கள். ஆழம் அளக்கப் படகு கிளம்பும் நாளில் என் பெயர் மட்டும் இருக்காது. "பெண்ணை எப்படிக் கடலுக்குள் அனுப்புவது?" என்பார்கள். என்னோடு சேர்ந்த பையனுக்கு நீச்சல் தெரியாது; அவன் போனான். தளத்தில் கழிப்பறை இல்லை என்பது இன்னொரு காரணம். கட்டுமான நிறுவனத்தில் கழிப்பறை கட்ட ஆள் கிடைக்கவில்லையாம்! எழுதிக் கேட்டுக்கேட்டுத்தான் படகில் இடம் வாங்கினேன். சம்பளமும் பெங்களூரு ஐ.டி. அளவுக்கு இல்லை. மாணவிகளிடம் இவற்றைச் சொல்லுங்கள். ஆனால் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுங்கள். "பெண் பிள்ளை, ஓசூர் பக்கம் ஏதாவது பார்த்துக்கொள்" என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். வீட்டில் அதைச் சொல்ல ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

செய்யக்கூடியது என்ன? கல்விச் சுற்றுலாவை இந்த முறை ஊட்டியை விட்டுவிட்டுத் தென்பெண்ணையோடு கிளப்புங்கள்: கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடலூர் முகத்துவாரம், அங்கிருந்து புதுச்சேரி. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் தெற்கு நோக்கியும் நகரும். கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது வடக்கே. புதுச்சேரியில் துறைமுகச் சுவர் இந்த ஓட்டத்தை மறித்ததும் அதற்கு வடக்கே நகரக் கடற்கரை கரைந்து வெறும் கல்லாக நின்றது. பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் ஒரு தடுப்பை இறக்கி மணலைத் திரும்பச் சேர வைத்தது. சென்னையில் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் தேய்ந்ததும் இதே கணக்குதான். ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் பிறகு மறக்கமாட்டார்கள். முதுகலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதினால் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையில் சிவில் படித்தவர்களும் சேரலாம் என்பதை மூன்றாம் ஆண்டிலேயே சொல்லிவிடுங்கள். இறுதியாண்டில் தெரிந்து பயனில்லை.

பாடம் நடத்த ஆள் இல்லை என்றால் சொல்லியனுப்புங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை நானே வருகிறேன். மதிப்பூதியம் வேண்டாம், பஸ் டிக்கெட் போதும். கரும்பலகையும் நான்கைந்து கற்களும் ஒரு சுத்தியலும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
சிவில் படித்த ஒரு பாலக்கோட்டுப் பெண்