பவானித் தம்பிக்கு: அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே

அன்புள்ள தம்பி,

உன் நாவலைப் புத்தகமாகப் போடப் பதிப்பகம் கொடுத்ததாக நீ அனுப்பிய ஒப்பந்தத்தை முழுசாகப் படித்துவிட்டேன். பணம் கட்ட அம்மாவின் நகையை அடகு வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் கண்ணு. நகை அம்மாவிடமே இருக்கட்டும்.

"தங்கள் படைப்பு எங்கள் பதிப்புக் குழுவால் தேர்வு செய்யப்பட்டுள்ளது." உனக்கு வந்த அதே வரிதான் என் சிறுகதைத் தொகுப்புக்கும் வந்தது. அன்றைக்குப் பல்லடத்தில் எங்கள் வீதியில் நான் சொல்லாத ஆள் இல்லை. அந்த வீதிப் பெண்களின் கதைகள்தானே அவை. தார் சுற்றியவர்கள், பாவு பிணைத்தவர்கள், தறிச் சத்தத்தில் காது மங்கிப்போனவர்கள். தங்களைப் பற்றிப் புத்தகம் வருகிறது என்று அவர்கள் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

தேர்வுக் கடிதத்தின் பின்னாலேயே "ஆசிரியர் பங்களிப்பு" என்று 38,000 ரூபாய் கேட்டார்கள். அதில் ஐஎஸ்பிஎன் என்கிற, புத்தகத்துக்கு அடையாளமாகத் தரும் எண்ணுக்கு மட்டும் 3,000. அந்த எண்ணை நம் நாட்டில் கொடுப்பது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. அதற்குக் கட்டணமே கிடையாது. பதிப்பகம் இல்லாத தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். உனக்கு வந்த பட்டியலிலும் அந்த வரி இருக்கிறது, பார்.

பணத்தைக்கூட விடு. புத்தகத்தை என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் எந்தக் கணினியிலும் எழுத்து மாறாத யூனிகோடு முறையில் தட்டச்சு செய்து, ஒற்றுப்பிழை பார்த்து அனுப்பினேன். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர்களிடம் பக்கம் கட்டியவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் போட்டிருக்கிறார். கொம்பும் காலும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நின்றன. உரையாடல்களின் மேற்கோள் குறியெல்லாம் வேறு எழுத்தாகிவிட்டது. ஒரு கதை பாதியில் நின்று, அடுத்த கதையின் நடுவிலிருந்து தொடர்ந்தது. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க ஆசிரியருக்கு அனுப்பும் மெய்ப்பு எனக்கு வரவே இல்லை. கேட்டதற்கு, "கோல்டு திட்டத்துக்குத்தான் மெய்ப்பு அனுப்புவோம்" என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, முப்பது வருசம் தறி ஓட்டியவர், முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, எனக்குத்தான் படிக்கத் தெரியலையா?" என்று கேட்டார். அவரை அப்படிக் கேட்க வைத்ததை என்னால் மன்னிக்க முடியாது.

முந்நூறு பிரதி என்றார்கள். என் கைக்கு வந்தது இருபத்தைந்து. மீதி "விற்பனையில் இருக்கிறது." எங்கே என்று யாரும் சொல்லவில்லை. ஈரோடு புத்தகத் திருவிழாவில் வைப்பதாகச் சொல்லித் தனியாகப் பணம் வாங்கினார்கள். அரங்கு அரங்காகத் தேடினேன், எங்கும் இல்லை. விற்பனைக் கணக்கு இன்றுவரை வரவில்லை. விருதுக்குப் பரிந்துரைக்க 5,000 ரூபாய் என்று ஒரு செய்தி மட்டும் தவறாமல் வந்தது.

நம்மிடம் பணம் வாங்கியதுமே அவர்களுடைய வியாபாரம் முடிந்துவிடுகிறது, தம்பி. அதற்குப் பிறகு ஒரு பிரதி விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு நட்டமில்லை. அதனால்தான் மெய்ப்பு பார்க்க ஆள் இல்லை, கடைக்கு அனுப்ப ஆள் இல்லை.

இப்போது உன் ஒப்பந்தத்தின் ஏழாவது பத்திக்கு வா. "எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" உன் நாவலின் உரிமை அவர்களுக்கு என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் காலம் எவ்வளவு தெரியுமா? உன் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டு. உன் பேரன் அந்த நாவலை மறுபதிப்பு செய்ய நினைத்தாலும் இவர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும். என் ஒப்பந்தத்தில் காலமே எழுதவில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 19-ஆம் பிரிவின்படி, காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று கணக்கு. அது முடிந்ததும் என் கதைகள் எனக்கே திரும்பும். ஏழாவது பத்தியில் கையெழுத்துப் போட்டால் உனக்கு அந்த வழி இருக்காது.

சொந்தக் காசில் புத்தகம் போடுவது கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல புத்தகங்கள் அப்படியும் வந்திருக்கின்றன. ஆனால் அதற்கு அச்சகத்துக்கு நேராகப் போகலாம். டெமி என்கிற புத்தக அளவில் 160 பக்கம் என்றால், 16 பக்கத்தைச் சேர்த்து அடிப்பதை ஒரு பாரம் என்று வைத்துப் பத்துப் பாரம். தாள், அச்சு, அட்டை, கட்டுமானம் என்று தனித்தனியாக விலை கேள். ஈரோட்டிலும் கேள், சிவகாசியிலும் கேள். எத்தனை பிரதி அடித்தார்களோ அத்தனையும் உன் வீட்டில் இறங்கும், உரிமையும் உன்னிடமே இருக்கும். அதற்கு முன்னால், பணம் கேட்காத பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஆகட்டும். உன் நாவல் கெட்டுப்போகிற பண்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பவானிக்கு வருகிறேன். ஜமக்காளத் தறி வருகிற அத்தியாயங்களை அச்செடுத்து வை. குழித்தறியில் உட்கார்ந்த உங்கள் பெரியப்பா அவற்றைப் படித்தாரா? படிக்கவில்லை என்றால் நான் வருவதற்குள் படிக்கக் கொடு. எங்கெங்கே அனுப்பலாம் என்று அன்றைக்கே உட்கார்ந்து முடிவு செய்வோம். அவர்களுக்கு மட்டும் இன்றே "எனக்கு விருப்பமில்லை" என்று எழுதிவிட்டு, அதை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
பல்லடத்து அக்கா