ஆட்டுச் சந்தைக்கு ஒரு தராசு வேண்டும்: கால்நடை பராமரிப்புத் துறைக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கால்நடை பராமரிப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறையின் செயலாளர், இயக்குநர் அவர்களுக்கும், வாரச்சந்தைகளைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சித் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில், ஐந்து உருப்படியும் பத்து உருப்படியும் வைத்துக்கொண்டு ஆடு வளர்க்கும் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவன் நான். கன்னி ஆடும் கொடி ஆடும் எங்கள் மண்ணுக்கு உரியவை. மழை பொய்த்த ஆண்டில் உளுந்தும் பாசியும் கைவிட்டாலும், கருவேலங்காய் பொறுக்கித் தின்று குட்டி ஈன்று குடும்பத்தைத் தாங்குபவை அவைதாம். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறியாடுகளும் இருந்தன. இவற்றுள் பெரும்பகுதி பண்ணைக் கொட்டகைகளில் அல்ல, எங்களைப் போன்றவர்களின் வீட்டுப் பின்புறத்திலும் ஊர்ப் பொதுக் கிடையிலும்தான் வளர்கிறது.

இந்த அரசு அமைப்பு எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் எழுத வரவில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் கொடுக்கப்பட்டன. எங்கள் பக்கத்துப் பல வீடுகளின் மந்தை அதிலிருந்து பெருகியது. ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி போடப்படுகிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வருகிறது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களில் கொட்டகை அமைப்பது முதல் குடற்புழு நீக்கம் வரை சொல்லித்தருகிறார்கள். குட்டி பிறந்த நாளிலிருந்து அது விற்பனைக்கு நிற்கும் நாள் வரை ஏதோ ஒரு வகையில் துறை எங்களுடன் நிற்கிறது. விற்கும் அந்த ஒரு பொழுதில் மட்டும் யாருமே இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஓர் ஆடு எப்படி விலைபோகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வியாபாரி காலையில் இருசக்கர வண்டியில் தெருவுக்கு வருகிறார். கிடாவை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார், வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார், முதுகுத்தண்டின் இரு பக்கமும் விரல்களை வைத்து அழுத்துகிறார், முன்னங்காலுக்குப் பின்னால் கையைக் கொடுத்து ஒரு கணம் தூக்கி இறக்குகிறார். பிறகு, "ஒம்பது கிலோதான் நிக்கும்க்கா" என்கிறார். அதாவது, அறுத்தால் ஒன்பது கிலோ கறி தேறும் என்று பொருள். அந்த ஒன்பது என்பதுதான் அதன் பின் நடக்கும் பேரம் முழுவதற்கும் அடித்தளம். ஆட்டுக்காரப் பெண் நூறு, இருநூறு ஏற்றிக் கேட்கலாம்; ஆனால் அந்த எண்ணையே மறுப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

என் வீட்டு வேப்பமரக் கிளையில் ஒரு தொங்கு தராசைக் கட்டி, சாக்கில் வயிற்றைத் தாங்கிக் கட்டி, இப்படி ஒன்பது கிலோ என்று மதிப்பிடப்பட்ட கிடா ஒன்றை நிறுத்துப் பார்த்தேன். உயிர் எடை 23 கிலோ. நாட்டு வெள்ளாட்டில் உயிர் எடையில் சுமார் 45 விழுக்காடு கறி கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் பத்தே கால் கிலோவுக்கு மேல் வரும். கறி கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட இந்த ஒரு மதிப்பீட்டிலேயே ஆயிரம் ரூபாய்க்கு மேல் வேறுபாடு. தலை, கால், குடல், ஈரல், இரத்தம் எல்லாம் தனியாக விலையாகின்றன. அவை இந்தக் கணக்கில் பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை. ஆண்டுக்கு நான்கைந்து கிடாக்கள் விற்கும் ஒரு வீட்டுக்கு இந்த வேறுபாடு ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு.

வியாபாரிகளை நான் குற்றவாளிகளாக நிறுத்தவில்லை. வண்டிக்கூலி, தரகு, வழியில் சாகும் ஆட்டின் இழப்பு ஆகிய அனைத்தையும் அவர்களே தாங்குகிறார்கள். கையால் தூக்கி மதிப்பிடுகிறவர் தமக்கு நட்டம் வராத பக்கமாகவே சாய்ந்து மதிப்பிடுவார் என்பது இயல்பு. ஆனால் மதிப்பீட்டில் வரும் பிழை எப்போதும் ஒரே பக்கத்தின் மேல் விழுமானால், அதைச் சரிசெய்ய வேண்டியது சந்தையை நடத்துபவர்களின் கடமை.

தராசு இல்லாத வீடுகளுக்குத் தையல் அளவு நாடாவே ஓரளவு கைகொடுக்கும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரையுள்ள உடல் நீளத்தால் மீண்டும் பெருக்கி, வரும் தொகையை 660ஆல் வகுத்தால் உயிர் எடை கிலோவில் தோராயமாகக் கிடைக்கும். சுற்றளவு 26 அங்குலமும் நீளம் 24 அங்குலமும் உள்ள ஆடு ஏறத்தாழ இருபத்து நான்கரை கிலோ இருக்கும். எங்கள் ஊரில் சில பெண்கள் இதைக் கற்றுக்கொண்டு சுவரில் கரியால் எழுதி வைக்கிறார்கள். ஆனால் பேரத்தின்போது அந்தக் கணக்கை யாரும் ஏற்பதில்லை. என் தொங்கு தராசையும் ஏற்பதில்லை, அதில் அரசு முத்திரை இல்லை என்பது காரணம். அந்தக் காரணத்தில் நியாயமும் இருக்கிறது. எடையளவுச் சட்டம் 2009இன்படி வணிகத்துக்குப் பயன்படும் தராசு முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். ஆகவேதான் முத்திரையிட்ட தராசைப் பொது இடத்தில் வையுங்கள் என்று கேட்கிறோம்.

பக்கத்துத் தொழில்களைப் பாருங்கள். பால் ஊற்றும் பெண் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால், பாலின் அளவையும் கொழுப்புச் சத்தையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் வைத்து அவருக்குப் பணம் கணக்கிடப்படுகிறது. அந்த முறையிலும் குறைகள் சொல்லப்படலாம். ஆனால் கேள்வி கேட்க அவரிடம் ஓர் எண் இருக்கிறது. நாமக்கல் மண்டலத்தில் முட்டைக்கு நாள்தோறும் விலை அறிவிக்கப்படுகிறது. சென்னையில் இருக்கும் கடைக்காரருக்கும் பரமத்தியில் இருக்கும் பண்ணையாளருக்கும் ஒரே நேரத்தில் அது தெரிகிறது. பல லட்சம் ஏழைக் குடும்பங்களின் சேமிப்பாக இருக்கும் ஆட்டுக்கு எடையும் இல்லை, அறிவிக்கப்பட்ட விலையும் இல்லை.

வாரச்சந்தையில் நிலைமை இன்னும் கடினம். வைகறையில் ஆட்டை வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும், உள்ளே நுழைய உருப்படிக்கு இவ்வளவு என்று சுங்கம் கட்ட வேண்டும், தரகருக்குத் தனி. விற்காமல் திரும்பினால் மறுபடியும் வண்டிக்கூலி. இது எல்லோருக்கும் தெரியுமாதலால் வெயில் ஏற ஏற விலை இறங்குகிறது. குடிநீர்த் தொட்டியும் நிழலும் வண்டியில் ஏற்றும் சாய்தளமும் இல்லாத சந்தைகளில், ஆட்டின் வாட்டமே விலையைக் குறைப்பதற்கு இன்னொரு காரணமாகிவிடுகிறது.

இந்தச் சந்தைகளில் மிகப் பல உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சொந்தமானவை. சுங்கம் வசூலிக்கும் உரிமை ஏலம் விடப்படுகிறது. ஏல நிபந்தனைகளில் இருப்பவை பெரும்பாலும் பணம் கட்டுவதைப் பற்றியவை. எங்கள் முதன்மையான கோரிக்கை அந்த நிபந்தனைப் பட்டியலில் ஒரு பத்தி சேர்ப்பதுதான்: ஆடு விற்கும் ஒவ்வொரு வாரச்சந்தையிலும் பக்கக் கம்பிகள் கொண்ட, முத்திரையிடப்பட்ட மின்னணு எடை மேடை இருக்க வேண்டும், வாங்குபவர் விற்பவர் யார் கேட்டாலும் கட்டணமின்றி நிறுத்து எடைச்சீட்டு கொடுக்க வேண்டும், அன்று எடையிட்டு விற்ற ஆடுகளின் கிலோ விலையில் கூடியதும் குறைந்ததும் சந்தை வாயிலில் உள்ள பலகையில் எழுதப்பட வேண்டும். எடை மேடையை நடத்தும் பொறுப்பைக் குத்தகைதாரரிடம் விடாமல் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. அங்கே ஆடு விற்க வருபவர்களில் பெண்கள் மிகுதி, கேள்வி கேட்க அவர்களுக்குத் தயக்கம் குறையும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். ஆட்டை எடையால் மட்டும் மதிப்பிட முடியாது என்பார்கள். உண்மைதான். பக்ரீத்துக்கு வாங்குபவர் தோற்றத்தையும் பல்லையும் பார்க்கிறார். கோயில் கொடைக்கு வாங்குபவர் நிறத்தைப் பார்க்கிறார். வளர்ப்புக்குப் பெட்டை வாங்குபவர் தாயின் பாலையும் இரட்டைக் குட்டி ஈன்ற வழியையும் விசாரிக்கிறார். எடை தெரிவதால் இந்தப் பேரம் எதுவும் தடைபடாது. தண்ணீரும் உப்பும் கொடுத்து வயிற்றை நிரப்பிக் கொண்டுவருவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள்; வாங்குபவர் அதற்கெனக் கழித்துக் கேட்கட்டும், அதுவும் ஓர் எண்ணை முன்வைத்து நடக்கும் பேச்சாகவே இருக்கும். எடையைக் கட்டாயமாக்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்பவருக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள் என்றே கேட்கிறோம்.

அடுத்தது கறியாக விற்பது. 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, விளைவித்தவரே தம் காய்கறியை நேரடியாக விற்க இடமும் தராசும் அடையாள அட்டையும் கிடைத்தன. ஆடு வளர்ப்பவருக்கு அப்படி ஒரு வாசல் இன்றுவரை இல்லை. எங்கள் ஊர்களில் ஞாயிறு காலையில் சாலையோரப் புளியமரத்தடியில் தொங்கும் கறிதான் உள்ளூர்ச் சந்தை; அதை அறுப்பவர் வேறு, வளர்த்தவர் வேறு. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வாரம் இரண்டு ஆடு அறுத்துப் பக்கத்து நகரத்தில் முறையாக விற்கலாம் என்று முன்வந்தால், எங்கே அறுப்பது என்ற கேள்வியிலேயே அந்த முயற்சி நின்றுவிடுகிறது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகள், நாளொன்றுக்குப் பத்துச் சிறு கால்நடைகள் அல்லது ஐம்பது கோழிகள் வரை அறுக்கும் சிறு தொழிலுக்குப் பெரிய உரிமம் கேட்காமல் பதிவு மட்டும் போதும் என்ற இடம் கொடுத்தன. சட்டம் சிறியவர்களை நினைத்துப் பார்த்திருக்கிறது. அதற்கேற்ற இடம்தான் கட்டப்படவில்லை. நகராட்சி அறுவைக்கூடங்கள் தொலைவில் உள்ளன. ஒன்றியத்துக்கு ஒன்றாகவேனும், கழுவுவதற்குத் தண்ணீரும் கழிவுநீர்க் குழியும் ஈ புகாத வலையும் தொங்கவிடும் கொக்கிகளும் உள்ள சிறிய அறுவைக்கூடம் ஒன்றை அமைத்து, வாரத்தில் இரண்டு காலை கால்நடை மருத்துவர் ஒருவர் அறுப்பதற்கு முன்னும் பின்னும் பார்த்து முத்திரையிட ஏற்பாடு செய்யுங்கள். உழவர் சந்தைகளை ஒட்டி, அவற்றின் காய்கறிப் பகுதிக்கு இடையூறு இல்லாமல், அந்த முத்திரை பெற்ற கறியை வளர்த்தவர்களே விற்க ஞாயிறுகளில் இடம் கொடுங்கள். வாங்குபவருக்கும் இது நன்மைதான்; எந்த ஊர் ஆடு, எப்போது அறுத்தது, நோய் பார்க்கப்பட்டதா என்பது அவருக்குத் தெரியும்.

கடனும் மானியமும் பற்றிச் சுருக்கமாக. தேசியக் கால்நடை இயக்கத்தின் வழிகாட்டுதலில், ஆட்டுப் பண்ணைக்கு 50 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. ஆனால் அதன் மிகச் சிறிய அலகே 100 பெட்டையும் 5 கிடாவும். பத்து ஆடு வைத்திருப்பவர் அந்தப் படிவத்தைத் தொடவே முடியாது. அதே தொகையில் ஒரு சிறு பகுதியைச் சந்தை எடை மேடைகளுக்கும் அறுவைக்கூடங்களுக்கும் ஒதுக்கினால் நூற்றுக்கணக்கான சிறு மந்தைகளுக்கு அது பயன்படும். உழவர் கடன் அட்டை 2019 முதல் கால்நடை வளர்ப்புக்கும் உண்டு என்பது நல்ல ஏற்பாடு. வங்கிக் கிளைகளில் அது நிலமில்லாதவருக்கும் தயக்கமின்றிக் கிடைக்குமானால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் இன்னும் மூன்று மாதம் வளர வேண்டிய குட்டிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் நிலை குறையும்.

சந்தையில் எடை மேடைக்கு அருகிலேயே ஒரு கால்நடை உதவியாளரை அமர்த்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். பல ஊர் ஆடுகள் ஒன்றோடொன்று உரசி நிற்கும் இடம் அது. ஆட்டுக்கொல்லியும் ஆட்டம்மையும் அங்கிருந்துதான் ஊருக்குள் ஏறுகின்றன. விற்காமல் திரும்பும் ஆட்டையும் புதிதாக வாங்கிய ஆட்டையும் இரண்டு மூன்று வாரம் மந்தையில் சேர்க்காமல் தனியே கட்ட வேண்டும் என்பதை அந்த இடத்திலேயே ஒருவர் சொன்னால், பயிற்சி மையத்துக்கு வர இயலாதவர் காதிலும் அது விழும்.

எல்லாச் சந்தைகளிலும் ஒரே ஆண்டில் இதைச் செய்வது எளிதல்ல என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி ஆகிய மூன்று மாவட்டங்களின் ஆட்டுச் சந்தைகளில் தொடங்கலாம். அடுத்த சுங்க ஏல அறிவிப்பு வெளிவருவதற்கு முன், எடை மேடை, எடைச்சீட்டு, விலைப் பலகை ஆகிய மூன்றையும் ஏல நிபந்தனையாகச் சேர்க்குமாறு உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்றும், அதன் நகலை ஒவ்வொரு கால்நடை மருந்தகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கரிசல் வட்டார ஆடு வளர்ப்போரில் ஒருவன்