மேப்ல எங்க தாங்கலைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நகரத் திட்டத்துக்கு மக்கள் ஆன்லைன்லயே கருத்து சொல்லலாம்னு இப்ப நிறைய ஊர்ல சொல்றாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனாலதான் மனசு பொறுக்காம எழுதறேன்.

எங்க ஏரியாவுக்கு அப்படி, எந்த இடத்துல என்ன வரலாம்னு சொல்ற ஒரு வரைவுத் திட்டம் வந்துச்சு. போன்ல டவுன்லோட் பண்ணவே அரை மணி நேரம் ஆச்சு, திறந்தா பிடிஎஃப் பூரா இங்கிலீஷ், மேப்ல கலர் கலரா கட்டம், நம்ம தெரு எது நம்ம சர்வே நம்பர் எதுன்னு கண்டுபிடிக்கவே முடியல. தெருமுனைல இஸ்திரி போடற அண்ணன்கிட்ட போனை நீட்டினேன், அவர் முப்பது வருஷமா இங்க இருக்கறவர். ரெண்டு விரலால பெருசாக்கிப் பாத்துட்டு, "இது தாங்கல் இருந்த இடமாச்சே, இங்க எதுக்கு மஞ்சள் அடிச்சிருக்காங்க? 2015ல இங்கதான் இடுப்பளவு தண்ணி"ன்னார். தாங்கல்னா மழைத்தண்ணி தேங்கற சின்ன ஏரி, மஞ்சள்னா குடியிருப்பாம். அவர் சொன்னதை அப்படியே டைப் பண்ணி அனுப்பினேன். 'உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது'ன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு, அதோட சரி. என்ன ஆச்சுன்னு அண்ணன் இன்னமும் கேக்கறார், என்கிட்ட பதில் இல்ல.

ஸ்பெயின்ல பார்சிலோனா மாநகராட்சி 2016ல மக்கள் கருத்து சொல்ல டெசிடிம்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சுது. நகரத்துக்கான செயல்திட்டத்துக்கு 10,000க்கு மேல யோசனை வந்துச்சு, எதை ஏத்துக்கிட்டாங்க, எதை ஏன் தள்ளினாங்கன்னு அதுலயே பாக்கலாம். அந்த மென்பொருள் ஓப்பன் சோர்ஸ், யார் வேணா எடுத்து தமிழ்ல மாத்திக்கலாம். நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் வராதுன்னு யாரும் சொல்லக் கூடாது, 2015 வெள்ளத்துல தண்ணி நின்ன தெருவையெல்லாம் யார் வேணா திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கற இணைய மேப்ல தன்னார்வலர்களும் பொதுமக்களும்தானே குறிச்சாங்க, அந்த மாதிரி வரைவுத் திட்டத்து மேலயே விரல் வச்சு 'இங்க வாய்க்கால் இருக்கு'ன்னு குறிக்க ஒரு வசதி குடுத்தா போதும்.

போன் இல்லாதவங்களுக்கு, வார்டுக்குள்ள அந்தந்தப் பகுதி ஜனங்க கூடிப் பேசற ஏரியா சபை இருக்கு, 2022லயே அதுக்கு விதி வந்தாச்சு. அந்தக் கூட்டத்துல புரொஜெக்டர் போட்டு மேப்பைக் காட்டி, வயசானவங்க சொல்றதை அங்கயே பதிவு பண்ணி ஒரு நம்பர் குடுங்க, அந்த நம்பருக்கு ஏத்துக்கிட்டோம், இல்ல இந்தக் காரணத்தால முடியாதுன்னு எழுத்துல பதில் வரணும். சென்னைக்கு வரப்போற மூணாவது மாஸ்டர் பிளான் 2046 வரைக்கும் நிக்கப் போகுது, அதை முடிவு பண்றதுக்கு முன்னாடியே இதைச் செய்யணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை புறநகர்